கிராண்ட் கன்யன்: லாஸ் வேகஸிலிருந்து செல்வோர் காண்பது எந்த விளிம்பை?

லாஸ் வேகஸ் நகருக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், அங்கிருந்து ஒரு நாளை ஒதுக்கிக் கிராண்ட் கன்யன் எனப்படும் பெரும் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட விரும்புகின்றனர். நகரின் ஹொட்டேல்களிலே கிடைக்கும் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களும் அந்த ஆவலைத் தூண்டுகின்றன. ஆனால் ஒரு பிரசுரம் தெற்கு விளிம்பு என்கிறது. இன்னொன்று மேற்கு விளிம்பு என்கிறது. வேறொன்று வடக்கு விளிம்பு என்கிறது. எல்லாவற்றிலும் தலைப்பு மட்டும் ஒன்றுதான். எங்கே போவது நல்லது என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தூரத்தையும் கட்டணத்தையும் வைத்து இதற்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்த மூன்று விளிம்புகளும் மூன்று வெவ்வேறு வரலாறுகளை உடையவை. எந்த விளிம்பில் போய் நிற்கிறோம் என்பது, யாருடைய நிலத்தில் நிற்கிறோம் என்ற கேள்வியோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் புவியியல். கொலராடோ ஆறு அரிசோனா மாநிலத்தின் வடபகுதியை அறுத்து உண்டாக்கிய இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் ஆற்றின் வழியே ஏறத்தாழ 446 கிலோமீற்றர். ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அதிகம். அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர் வரை விரிகிறது. லாஸ் வேகஸிலிருந்து மேற்கு விளிம்புக்குச் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இரண்டு அல்லது இரண்டரை மணித்தியாலப் பயணம். தெற்கு விளிம்புக்கு ஏறத்தாழ 450 கிலோமீற்றர். நாலரை மணித்தியாலம் வேண்டும். வடக்கு விளிம்பும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். தெற்கு விளிம்பில் நின்று பார்த்தால் வடக்கு விளிம்பு பதினாறு கிலோமீற்றருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே வாகனத்தில் போய்ச் சேர்வதற்கு 340 கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். ஆகவே, ஒரே நாளில் இரண்டு விளிம்புகளையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

முதலில் கண்ட ஐரோப்பியர்

இப்பள்ளத்தாக்கை முதன்முதலிற் கண்ட ஐரோப்பியர் ஸ்பானியர்கள். 1540 ஆம் ஆண்டு, பொன் நகரங்களைத் தேடி மெக்சிக்கோவிலிருந்து வடக்கே படையெடுத்து வந்த கொரொனாடோவின் அதிகாரிகளுள் ஒருவரான கார்சியா லோப்பஸ் டி கார்டெனாஸ் என்பவரை, ஹோபி இனத்தவர் வழிகாட்டித் தெற்கு விளிம்புக்கு அழைத்து வந்தனர். மேலிருந்து பார்த்த ஸ்பானியருக்குக் கீழே ஓடும் ஆறு ஆறு அடி அகலமான வாய்க்கால் போலத் தெரிந்தது. மூவர் இறங்கிப் பார்த்தனர். மூன்றிலொரு பங்கு தூரம் போனதும் இயலாமல் திரும்பி வந்தனர். மேலிருந்து பார்க்கையில் ஆளுயரமாகத் தெரிந்த பாறைகள், அருகே போனபோது செவில் நகரத் தேவாலயக் கோபுரத்தை விடவும் உயரமாக இருந்தன என்று அவர்கள் சொன்னதாக அந்தப் படையெடுப்பின் வரலாற்றை எழுதியவர் குறித்து வைத்திருக்கிறார். ஆற்றுக்கு இறங்கும் பாதைகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஹோபி வழிகாட்டிகள், அவற்றை வேண்டுமென்றே காட்டாமல் விட்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். பொன் இல்லை, தண்ணீரும் எட்டவில்லை. ஸ்பானியர் திரும்பிவிட்டனர். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இந்த இடத்தில் ஐரோப்பியர் அக்கறை காட்டவில்லை.

அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் முதலில் வந்தவர் ஜோசப் ஐவ்ஸ் என்ற இராணுவ அதிகாரி. அவர் வந்தது தெற்கு விளிம்புக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கொலராடோ ஆற்றில் நீராவிப் படகொன்றில் மேல்நோக்கி வந்த அவருடைய குழு, படகு பாறையில் மோதியதன் பின் தரைவழியாகப் பயணத்தைத் தொடர்ந்து, 1858 ஏப்ரலில் ஹுவலபாய் இனத்தவரின் வழிகாட்டலோடு டயமண்ட் கிறீக் என்ற ஓடையின் வழியே பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கியது. அது பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி. ஐவ்ஸின் அறிக்கை 1861 இல் வெளிவந்தது. இந்த இடத்தால் எவருக்கும் எந்த இலாபமும் இல்லை, தங்களுக்குப் பிறகு வெள்ளையர் எவரும் இங்கு வரப்போவதில்லை என்ற கருத்தை அவர் அதிலே தெரிவித்திருந்தார். அரசாங்க அறிக்கைகளிலே காணப்படும் எதிர்வுகூறல்களுள் இந்த அளவுக்குப் பொய்த்துப்போனவை சிலவே.

1869 ஆம் ஆண்டு ஜோன் வெஸ்லி பவல், வையோமிங்கிலிருந்து நான்கு படகுகளில் பத்துப் பேர் கொண்ட குழுவோடு புறப்பட்டு பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் ஆற்றின் வழியே கடந்தார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். பயணத்தின் இறுதி நாட்களில், ஆற்றின் வேகத்துக்கு அஞ்சிய மூவர் குழுவை விட்டுப் பிரிந்து மேலே ஏறிச் சென்றனர். அவர்களைப் பின்னர் எவரும் காணவில்லை. மிஞ்சியோர் 1869 ஓகஸ்ட் 30 அன்று வேர்ஜின் ஆறு கொலராடோவோடு கலக்கும் இடத்தில் கரையேறினர். அந்த இடம் லாஸ் வேகஸுக்குக் கிழக்கே, இன்று மீட் ஏரியின் நீருக்குள் இருக்கிறது.

நமக்குச் சற்று வியப்பூட்டும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பவலுக்குப் பின் வந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர், பள்ளத்தாக்கினுள்ளே கோபுரங்கள் போல எழுந்து நிற்கும் பாறைகளைக் கண்டு, அவற்றுக்குக் கீழைத்தேயத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டினார். விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்னும் பெயர்கள் 1882 இல் வெளியான அவரது பெருநூலின் காலத்திலிருந்து வழங்கி வருகின்றன. பள்ளத்தாக்கின் அடியிலே கிடக்கும், ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள் பழைமையான கரும்பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த மக்கள் இந்தப் பாறைகளை எப்படி அழைத்தனர் என்று கேட்டறிந்து வரைபடத்தில் எழுத அக்காலத்தில் பெரும்பாலும் எவரும் முனையவில்லை. நம்முடைய தெய்வங்களின் பெயர்களைக் கண்டு மகிழும்போது, இதையும் சேர்த்து நினைப்பது நியாயம்.

ரயில் பாதை தீர்மானித்த விளிம்பு

இன்று கிராண்ட் கன்யன் என்றால் உலகத்தார் கண்முன் தோன்றும் காட்சி தெற்கு விளிம்பின் காட்சியே. அது இயற்கை செய்த தெரிவு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதைச் செய்தது ரயில் பாதை.

1883 இல் ரயில் பாதை மேற்கேயுள்ள பீச் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்தை அடைந்தது. அங்கிருந்து டயமண்ட் கிறீக் வழியே ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றர்தான். 1884 இல் ஃபார்லி என்பவர் அந்த ஓடைக்கரையில் ஒரு சிறு ஹொட்டேலைக் கட்டினார். பள்ளத்தாக்கைப் பார்க்க வந்த உல்லாசப் பிரயாணிகளுக்காக எழுந்த முதல் ஹொட்டேல் அதுவே. ஆகவே, இந்தப் பள்ளத்தாக்கின் சுற்றுலா வரலாறு தொடங்கியது மேற்குப் பகுதியில், ஹுவலபாய் மக்களின் நிலத்தில். அந்த ஹொட்டேல் 1889 இல் மூடப்பட்டது. பிரயாணிகள் கொஞ்சங் கொஞ்சமாகக் கிழக்கே, பள்ளத்தாக்கு மிக ஆழமாகவும் அகலமாகவும் விரியும் பகுதிக்குக் குதிரை வண்டிகளிற் போகத் தொடங்கினர்.

1901 செப்ரெம்பர் 17 அன்று சான்ரா ஃபே ரயில்வேயின் வண்டி வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து தெற்கு விளிம்பை வந்தடைந்தது. போட்டி அன்றோடு முடிந்தது எனலாம். 1905 இல் விளிம்பின் ஓரத்திலேயே எல் தோவார் என்ற பெரிய ஹொட்டேல் திறக்கப்பட்டது. கொரொனாடோவின் இன்னோர் அதிகாரியான பேத்ரோ டி தோவாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் ஹோபி ஊர்களோடு திரும்பியவர். பள்ளத்தாக்கைக் கண்ணால் காணாதவர். 1903 இல் இங்கு வந்த ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற், 1908 ஜனவரியில் இதைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். 1919 பெப்ரவரி 26 அன்று ஜனாதிபதி வில்சனின் கையொப்பத்தோடு இது தேசியப் பூங்காவாயிற்று. அந்த ஆண்டில் வந்தோர் சுமார் 44,000 பேர். அண்மைய ஆண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். தெற்கு விளிம்புக்கான பயணிகள் ரயில், மோட்டார் வாகனங்களின் பெருக்கத்தால் 1968 இல் நின்றுபோய், 1989 இல் சுற்றுலா ரயிலாக மீண்டும் ஓடத் தொடங்கியது.

பூங்காவின் பெருமையை எழுதும்போது அதன் விலையையும் எழுத வேண்டும். தெற்கு விளிம்பும் அதன் மேட்டு நிலமும் ஹவசுபாய் மக்களின் குளிர்கால வாழிடங்கள். நீலப்பச்சை நீரின் மக்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். கோடையிலே பக்கப் பள்ளத்தாக்கின் அருவிக்கரைகளிற் பயிரிட்டு, குளிர்காலத்திலே மேட்டுக்கு ஏறி வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். 1882 இல் அரசாங்கம் அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் வெறும் 518 ஏக்கர். மேட்டு நிலம் முதலில் வனப் பாதுகாப்புப் பகுதியாயிற்று, பின்னர் பூங்காவாயிற்று. விளிம்புக்குக் கீழே, புகழ்பெற்ற பிரைட் ஏஞ்சல் பாதையில் நீரூற்றோடு கூடிய ஒரு தோட்டம் உண்டு. அங்கே கடைசியாகப் பயிர் செய்து வாழ்ந்த ஹவசுபாய் குடும்பத்தவரான பில்லி பரோ 1928 இல் வெளியேற்றப்பட்டார். பூங்கா அதிகாரிகளின் வரைபடத்தில் அந்த இடம் "இந்தியன் கார்டன்" என்ற பெயரோடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 2022 நவம்பரில்தான் அது "ஹவசுபாய் கார்டன்ஸ்" என மாற்றப்பட்டது. 1975 இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமொன்றின் மூலம் 185,000 ஏக்கர் நிலம் அம்மக்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதை அன்று எதிர்த்தவர்களுள் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் இருந்தன.

ஹுவலபாய் மக்களின் காணி வழக்கு

லாஸ் வேகஸிலிருந்து பஸ்களும் ஹெலிகொப்டர்களும் நாள்தோறும் போய் இறங்கும் மேற்கு விளிம்பு தேசியப் பூங்காவின் பகுதி அன்று. அது ஹுவலபாய் மக்களின் ஒதுக்கு நிலம். உயர்ந்த பைன் மரங்களின் மக்கள் என்று அவர்களின் பெயருக்குப் பொருள் கூறுவர். காணி வழக்குகளைப் பற்றிப் பல ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவன் என்ற முறையில், இந்த மக்களின் வரலாறு என்னை மற்றெல்லாவற்றையும் விட அதிகமாக ஈர்த்தது.

1860களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைகளோடு போரிட்டுத் தோற்ற ஹுவலபாய்கள், பின்னர் அதே படைக்கு வழிகாட்டிகளாகப் பணி செய்தனர். ஆயினும் 1874 இல் அவர்கள் அனைவரும் தெற்கே, கொலராடோ ஆற்றின் வெப்பம் மிகுந்த தாழ்நிலத்திலுள்ள லா பாஸ் என்ற இடத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டு எஞ்சியோர் தாமாகவே புறப்பட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்பினர். திரும்பி வந்தபோது அவர்களுடைய நீரூற்றுகளை மாட்டுப் பண்ணையாளர்கள் பிடித்திருந்தனர். இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து மீண்டு, தம் கிணற்றடியில் வேறொருவர் நிற்பதைக் காண்பது எப்படிப்பட்டது என்பதை நம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1883 ஜனவரி 4 அன்று ஜனாதிபதி செஸ்ரர் ஆதரின் ஆணையால், ஏறத்தாழ பத்து இலட்சம் ஏக்கர் ஒதுக்கு நிலம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதன் வடக்கெல்லை 170 கிலோமீற்றருக்கு மேல் கொலராடோ ஆற்றோடு செல்கிறது. ஆனால் ரயில்வே நிறுவனம், அதற்கு முன்னரே காங்கிரஸ் தனக்கு அளித்த மானியத்தின்படி அந்த நிலத்தின் ஒன்றுவிட்டொரு துண்டு தன்னுடையது என்று உரிமை கோரியது. பீச் ஸ்பிறிங்ஸின் நீரூற்றும் அந்தக் கோரிக்கைக்குள் அடங்கியது.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றித் திரும்பிய ஃபிரெட் மஹோன் என்ற ஹுவலபாய் இளைஞர், முதியவர்களிடம் போய், யார் எந்த ஊற்றருகே வாழ்ந்தனர், எங்கே பயிரிட்டனர், எங்கே புதைக்கப்பட்டனர் என்பனவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். எழுத்தில் உறுதி இல்லாத மக்களுக்கு அந்த வாய்மொழியே காணி உறுதியாயிற்று. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1941 டிசம்பர் 8 ஆம் திகதி, பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், தீர்ப்பு வெளியாயிற்று. போர்ச் செய்தியால் நிரம்பியிருந்த அன்றைய பத்திரிகைகளில் இத்தகைய தீர்ப்புக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

ஒரு மக்கள் கூட்டம் ஒரு நிலத்தில் தொடர்ந்து வாழ்ந்து வந்ததை நிறுவினால், அந்த வாழ்வே உரிமையாகும்; அதற்கு உடன்படிக்கையோ சட்டமோ முன்கூட்டி அங்கீகாரம் அளித்திருக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒதுக்கு நிலத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம் அதற்கு வெளியேயிருந்த நிலங்களின் மீதான உரிமையை அவர்கள் கைவிட்டனர் என்றும் அதே தீர்ப்புக் கூறியது. ஆகவே வெற்றி முழுமையானதல்ல. ஆயினும் அந்தத் தீர்ப்பு எல்லை தாண்டிப் பயணம் செய்தது. கனடாவின் பூர்வகுடிகள் தொடர்பான 1973 ஆம் ஆண்டுக் கால்டர் வழக்கிலும், அவுஸ்திரேலியாவின் 1992 ஆம் ஆண்டு மாபோ வழக்கிலும் நீதியரசர்கள் அதை எடுத்துக் காட்டினர். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இன்று நடைபெறும் பூர்வகுடி நிலவுரிமை விவாதங்களின் வேர்களுள் ஒன்று, இந்த வறண்ட மேட்டு நிலத்தில் இருக்கிறது.

அணையும் கண்ணாடிப் பாலமும்

லாஸ் வேகஸ் 1905 இல் ரயில்வே காணிகளின் ஏலத்தோடு பிறந்த ஊர். 1930 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கிருந்தோர் ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே. 1931 இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும், அதே ஆண்டில் ஹூவர் அணையின் வேலை ஆரம்பமானதும் அதன் தலைவிதியை மாற்றின. 1935 இல் அணை திறக்கப்பட்டது. தேங்கிய நீர் கிராண்ட் கன்யனின் மேற்கு முனைக்குள்ளும் ஏறியது. பவலின் தோழர்கள் மூவர் பிரிந்து சென்ற நீர்வீழ்வும் அதில் மூழ்கியது. லாஸ் வேகஸிலிருந்து தெற்கு விளிம்புக்கோ மேற்கு விளிம்புக்கோ செல்வோர் இந்த அணையின் அருகாலேயே போக வேண்டும். 2010 இல் திறக்கப்பட்ட உயர்ந்த பாலத்தின் நடைபாதையிலிருந்து அணையை நன்றாகப் பார்க்கலாம்.

1960களில் பள்ளத்தாக்கினுள்ளேயே மேலும் இரண்டு அணைகளைக் கட்ட அரசாங்கம் திட்டமிட்டது. அவற்றில் ஒன்றான பிறிட்ஜ் கன்யன் அணை ஹுவலபாய் நிலத்தைத் தொட்டு அமைய இருந்தது. ஹுவலபாய் சபை அதை ஆதரித்தது. நட்ட ஈடும் தொழில் வாய்ப்பும் சுற்றுலா வருமானமும் வறுமையிலிருந்து தம்மை மீட்கும் என்று அவர்கள் நம்பினர். அணைக்கு அவர்களின் பெயரைச் சூட்டவும் இணக்கம் காணப்பட்டது. சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1966 இல் பெரும் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டு நாட்டையே திரட்டியது. 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அணைத் திட்டங்கள் கைவிடப்பட்டன.

அணைகள் கட்டப்படாமல் விட்டது உலகத்துக்கு நன்மையே. ஆனால் அந்த நன்மைக்காகத் தம் ஒரே பொருளாதார வாய்ப்பை இழந்தவர்கள் பற்றி விளம்பரங்களில் ஒன்றும் இல்லை. 1978 இல் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது பழைய 66 ஆம் இலக்கச் சாலையின் போக்குவரத்தும் பீச் ஸ்பிறிங்ஸை விட்டு விலகிப்போயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1988 இல், ஹுவலபாய்கள் லாஸ் வேகஸுக்கு அண்மையிலுள்ள தம் நிலத்தின் மூலையைச் சுற்றுலாவுக்குத் திறந்தனர். மேற்கு விளிம்புச் சுற்றுலா இவ்வாறுதான் தோன்றியது.

2007 மார்ச்சில் அங்கே ஸ்கைவோக் என்னும் கண்ணாடிப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. சந்திரனில் நடந்த பஸ் ஓல்ட்ரின் முதலில் அதில் நடந்தார். குதிரை லாடம் போல வளைந்து, விளிம்பிலிருந்து ஏறத்தாழ 21 மீற்றர் வெளியே நீளும் பாலம் அது. லாஸ் வேகஸைச் சேர்ந்த டேவிட் ஜின் என்ற முதலீட்டாளரின் பணத்தில் கட்டப்பட்டது. பின்னர் அவருக்கும் ஹுவலபாய் சபைக்கும் மூண்ட ஒப்பந்தத் தகராறு நீதிமன்றங்களில் நெடுங்காலம் இழுபட்டது. புனித நிலத்தில் இப்படியொரு கட்டடமா என்று ஹுவலபாய் முதியோர் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். இயற்கை ஆர்வலர்களும் கண்டித்தனர். இந்தக் கண்டனங்களை வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. தெற்கு விளிம்பின் ஓரத்திலேயே 1905 இல் ரயில்வே நிறுவனம் ஹொட்டேல் கட்டியது. அது இன்று பாதுகாக்கப்பட்ட மரபுரிமைச் சின்னம். ஹுவலபாய்கள் நூறு ஆண்டுகள் கழித்துத் தம் சொந்த நிலத்தில் ஒன்றைக் கட்டியபோது மட்டும் அது இழுக்காக ஏன் தெரிந்தது?

பாலத்தில் நிற்போர் 1,200 மீற்றர் உயரத்தில் நிற்பதாக விளம்பரங்கள் கூறும். அது ஆற்றின் மட்டம் வரையிலான கணக்கு. கண்ணாடிக்கு நேர் கீழேயுள்ள பள்ளம் அதைவிட மிகக் குறைவு. பாலத்தின் மேல் சொந்தக் கமெராவோ தொலைபேசியோ கொண்டு செல்ல நீண்ட காலம் இடமிருக்கவில்லை. என் எண்ணத்தில், பாலத்தை விட அதன் அருகேயுள்ள குவானோ முனையே பார்க்கத்தக்கது. ஆற்றுக்கு அப்பாலிருந்த குகையொன்றின் வௌவால் எச்சத்தை உரமாக விற்பதற்காக 1950களில் பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பிவடப் பாதை அமைத்தனர். எச்சம் விரைவிலேயே தீர்ந்துவிட்டது. துருப்பிடித்த கோபுரம் மட்டும் நிற்கிறது.

வானும் வடக்கும்

ஹெலிகொப்டரிற் செல்ல விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் ஹெலிகொப்டர் இறங்கும் சுற்றுலா ஹுவலபாய் நிலத்தில் மட்டுமே உண்டு. பூங்காவில் அதற்கு இடமில்லை. அதன் பின்னணி சோகமானது. 1956 ஜூன் 30 அன்று இரண்டு பயணிகள் விமானங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே மோதி 128 பேர் மாண்டனர். அமெரிக்காவில் மத்திய விமானப் போக்குவரத்து முகவரகம் 1958 இல் அமைக்கப்படுவதற்கு அந்த விபத்து முக்கிய காரணமாயிற்று. 1986 ஜூனில் சுற்றுலா விமானமொன்றும் ஹெலிகொப்டரும் மோதி 25 பேர் இறந்தனர். மறு ஆண்டு வந்த சட்டம், பூங்காவின் விளிம்புக்குக் கீழே பறப்பதைத் தடை செய்தது.

வடக்கு விளிம்பு, தெற்கைவிட முந்நூறு மீற்றருக்கு மேல் உயரமானது; காடு அடர்ந்தது; குளிர்காலத்தில் பனியால் மூடப்படுவது. வருவோரில் மிகச் சிலரே அங்கு போவர். 1928 இல் கட்டப்பட்ட அதன் புகழ்பெற்ற விடுதி 1932 இல் எரிந்து, 1937 இல் மீண்டும் எழுந்தது. 2025 ஜூலை 4 அன்று மின்னல் தாக்கி மூண்ட காட்டுத் தீயை, உடனே அணைக்காமல் கட்டுக்குள் வைத்து எரியவிடும் முறையை அதிகாரிகள் முதலிற் கையாண்டனர். காற்று மாறியது. ஒரு வாரத்தின் பின் அந்த விடுதியும் சூழவிருந்த பல கட்டடங்களும் சாம்பலாயின. விசாரணை வேண்டும் என்று அரிசோனா ஆளுநர் கோரினார். வடக்கே செல்ல எண்ணுவோர் எந்தப் பாதை, எந்தக் காட்சிமுனை திறந்திருக்கிறது என்பதைப் பூங்காவின் அறிவித்தலிற் பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

என்னுடைய விடை

நண்பர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். இரண்டு நாட்கள் இருந்தால் தெற்கு விளிம்புக்குப் போங்கள். ஓர் இரவு தங்குங்கள். பள்ளத்தாக்கின் ஆழமும் அகலமும் நிறங்களும் அங்கேதான் முழுமையாக விரிகின்றன. அந்தியிலும் விடியலிலும் பாறைகளின் நிறம் மாறுவதைக் காணாமல் திரும்புவது பாதி பார்த்ததற்குச் சமம். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் விஷ்ணு கோயிலும் தெரியும். பிரைட் ஏஞ்சல் பாதையில் சற்றுத் தூரமாவது இறங்குங்கள். ஆனால் இறங்கும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு நாள் மட்டுமே இருந்தால், முதியோரும் சிறுவரும் உடன் வந்தால், மேற்கு விளிம்பே ஏற்றது. ஒரே நாளில் பஸ்ஸிலே ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் அமர்ந்து தெற்கு விளிம்பில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மேற்கு விளிம்புக்குப் போகிறவர்கள், தேசியப் பூங்காவுக்குப் போவதாக எண்ணிப் போக வேண்டாம். பூங்காவின் நுழைவுச்சீட்டு அங்கே செல்லாது. கட்டணம் கூடுதல் என்று திரும்பி வந்தவர்கள் பலர் குறைபடுகின்றனர். குறைபடுவதற்கு முன், அந்தப் பணம் சேர்வது, 1874 இல் துரத்தப்பட்டு, 1883 இல் எஞ்சியதைப் பெற்று, 1941 வரை அதற்கும் வழக்காடி, 1968 இல் கிடைக்கவிருந்ததையும் இழந்த ஒரு சிறு மக்கள் கூட்டத்துக்கு என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது நாளும் கையிலிருந்தால், பழைய 66 ஆம் இலக்கச் சாலையில் கிங்மனிலிருந்து பீச் ஸ்பிறிங்ஸுக்குப் போங்கள். ஹுவலபாய் சபையின் அனுமதி பெற்றால், அங்கிருந்து டயமண்ட் கிறீக் வழியே வாகனத்திலேயே ஆற்றங்கரை வரை இறங்கலாம். கிராண்ட் கன்யனுக்குள் ஆற்றை அடையும் ஒரே வாகனப் பாதை அது. ஐவ்ஸ் இறங்கிய வழியும், முதல் ஹொட்டேல் நின்ற வழியும் அதுவே. மழைக்காலத்தில் வெள்ளம் பாதையை அரித்துவிடும். ஆகையால் புறப்படுமுன் பீச் ஸ்பிறிங்ஸில் விசாரித்துக்கொள்ளுங்கள்.